வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்



ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்பது தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குத் தெரியவருவது ஒன்பதாம் வகுப்பில்தான். அடுத்த வருடம் பொதுத்தேர்வு என்றதும் டியூஷன் மாறுகிறது. கண் டாக்டர், நரம்பு டாக்டர் என்று அலைச்சல். யாரோ ஒருவர் 'டிஸ்லெக்சியா' என்கிறார்: புத்திக்குறை ஏதுமில்லாமல் வாசிப்பு மட்டும் வராத நிலை. சான்றிதழுக்கான ஓட்டம் தொடங்குகிறது. அதற்குள் அந்தப் பிள்ளை எட்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து எழுந்துவிட்டான். எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறான், எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறான். ஆனால் அவன் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "படிப்பா, கேட்கிறேன்" என்று சொன்னவர் எவருமில்லை.

இன்றைய பேச்சு அந்த ஒரு காரியத்தைப் பற்றியது. ஒவ்வொரு குழந்தையும் வாசிப்பதைத் தனியே கேட்க வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் கேட்க வேண்டும். கேட்டதைக் கொண்டு மறுநாளே உதவியைத் தொடங்க வேண்டும். சான்றிதழும் சலுகையும் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

தமிழ் வகுப்பில் மறைந்துகொள்வது சுலபம். ஆசிரியர் ஒரு வரி சொல்வார், வகுப்பு மொத்தமும் திருப்பிச் சொல்லும். மூன்றாவது தடவைக்குள் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பாடம் மனப்பாடம் ஆகிவிடும். விரல் வரியின்மேல் ஓடிக்கொண்டிருக்கும், வாய் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும், எழுத்தை மட்டும் அந்தப் பிள்ளை பார்த்திருக்க மாட்டாள். நோட்டைப் புரட்டினால் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். கரும்பலகையைப் பார்த்து வரைந்தது. விரலை நான்கு சொல் தள்ளி வைத்து "இது என்ன?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு நினைவாற்றல் குறைவு என்று நினைப்பவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. நாள் முழுக்க நினைவாற்றலை மட்டும் வைத்தே பிழைப்பவர்கள் அவர்கள்.

இன்னொரு திரையும் இருக்கிறது. தமிழில் எழுதியிருக்கிறபடியே படிக்கலாம், ஆகவே இந்தக் கோளாறெல்லாம் ஆங்கிலத்துக்குத்தான் என்ற நம்பிக்கை. இதில் பாதி உண்மை உண்டு. ஃபிலிப் சீமோர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்பை முடித்த குழந்தைகளின் வாசிப்பை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஃபின்லாந்துக் குழந்தைகள் பழகிய சொற்களில் நூற்றுக்கு 98ஐச் சரியாகப் படித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த குழந்தைகளுக்கு 34தான் வந்தது. வகுப்பு ஒன்றே, எழுத்துமுறை வேறு. ஒலிக்கும் எழுத்துக்கும் நேர்த்தொடர்பு உள்ள மொழியில் ஏறுவது எளிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஃபின்லாந்து மொழிக்கு எழுத்து 29. தமிழ்ப் பிள்ளையின் சுவரில் தொங்கும் அட்டவணையில் 247. சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கன்னட ஆய்வு, அட்சர வரிசை முழுவதும் குழந்தைகள் கைக்கு வர நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று காட்டியது. உயிர்மெய் அமைப்பில் தமிழ் கன்னடத்தின் உறவுக்காரி. கூட்டெழுத்துத் தொல்லை இல்லாதது மட்டுமே நமக்கு ஆறுதல். 'கொடி' என்ற சொல்லைக் குழந்தையின் கண்ணால் பாருங்கள். வாய் ஒரே மூச்சில் சொல்லும் 'கொ' தாளில் மூன்று துண்டாகக் கிடக்கிறது: இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் துணைக்கால். ஒலியில் மெய் முந்தும், உயிர் பின்தொடரும். தாளில் உயிரின் குறி முன்னே வந்து நிற்கிறது. தடுமாறும் பிள்ளை 'கெ' என்று தொடங்கி, காலைக் கண்டதும் 'கா' என்று மாற்றி, இரண்டும் ஒட்டாமல் நின்றுவிடுவாள். கு, சு, டு, து, னு, மு, ரு என்று உகர வரிசையை எழுதிப் பாருங்கள், ஒரே ஒலிக்கு எத்தனை விதமான ஒட்டு! பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்று றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளை ஒழுங்குபடுத்தியது. அதனால் குழந்தைகளின் சுமை குறைந்தது உறுதி. உகர, ஊகாரங்கள் அன்று போலவே இன்றும் இருக்கின்றன.

ஹைன்ஸ் விம்மர் ஆஸ்திரியாவில் ஜெர்மன் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்து 1993இல் எழுதியது தமிழ் ஆசிரியர்களுக்கு மிக நெருக்கமான செய்தி. எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் அந்த மொழியில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் பெரும்பாலும் சரியாகவே படித்தார்கள், ஆனால் மிக மெதுவாக. தப்பே இல்லை, அதனால் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை. தமிழிலும் இதே காட்சிதான். "வா...ழை...ம...ர...த்...தி...ன்" என்று எழுத்தெழுத்தாகக் கூட்டி வரியின் கடைசிக்கு வந்து சேரும்போது முதல் பாதி மனத்திலிருந்து நழுவியிருக்கும். "படிக்கிறான், ஆனா புரிஞ்சுக்க மாட்டேங்கிறான்" என்று ஆசிரியர் சொல்லும் பிள்ளைகளில் பலர் இவர்கள். புரிந்துகொள்ளும் திறன் அவர்களுக்கு இருக்கிறது. அதே பத்தியை யாராவது படித்துக் காட்டினால் கேள்விக்குச் சட்டென்று பதில் வரும். இந்த இடைவெளிதான், காதால் கேட்டுப் புரிவதற்கும் கண்ணால் படித்துப் புரிவதற்கும் இடையிலுள்ள தூரம்தான், முதலில் கவனிக்க வேண்டிய அறிகுறி.

மருத்துவ உலகம் டிஸ்லெக்சியாவைப் பதிவு செய்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரிங்கிள் மோர்கன் என்ற இங்கிலாந்து டாக்டர் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் வீட்டு ஆசிரியர்களிடமும் படித்தவன். தன் பெயரையே எழுத்து மாற்றி 'பிரெசி' என்று எழுதுவான். அதே பையன் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் சரியாகப் பெருக்கிவிடுவான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் டாக்டர் குறித்து வைத்தார். மந்த புத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. இன்றும் 'மக்கு' என்ற சொல் வகுப்பறையில் கேட்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் தருவதையும் தடுத்திருக்கிறது.

எத்தனை குழந்தைகளுக்கு டிஸ்லெக்சியா இருக்கும்? கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து 5 முதல் 10 சதவீதம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர். குடும்பவழியில் வருவது அதிகம் என்பதால், "நானும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று அப்பாவோ சித்தப்பாவோ சொன்னால் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவர்களோடு சேர்த்து இன்னொரு பெரிய கூட்டத்தையும் எண்ண வேண்டும்: மூளை அமைப்பில் எந்தச் சிக்கலும் இல்லாமல், ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கப்படாததால் வாசிப்பு வராதவர்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் ஒன்றாம் வகுப்பைத் தாண்டிப்போனவர்கள் இன்று நடுநிலைப் பள்ளிப் பருவத்தில் இருக்கிறார்கள். இவர்களுக்கு டிஸ்லெக்சியாவா, படிப்பு விட்டுப்போனதா என்று முதல் நாளே பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இருவருக்கும் தேவையான முதல் உதவி ஒன்றுதான். முறையாகச் சில வாரங்கள் சொல்லிக்கொடுத்தால் ஒரு சாரார் வேகமாக ஏறிவிடுவார்கள். அப்போதும் ஏறாதவர்களுக்குத்தான் விரிவான பரிசோதனை. கண் பார்வை, காது கேட்கும் திறன் இரண்டையும் மட்டும் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். அடிக்கடி காதில் சீழ் வடியும் குழந்தைக்கு ஒலிகளைப் பிரித்தறிவதே சிரமமாக இருக்கும்.

காத்திருப்பதன் விலை என்ன என்பதற்கு ஓர் ஆய்வு. கானி ஜூயல் அமெரிக்காவின் டெக்சஸில் 54 குழந்தைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை தொடர்ந்து கவனித்து 1988இல் முடிவை வெளியிட்டார். ஒன்றாம் வகுப்பு முடிவில் பின்தங்கி வாசித்த குழந்தை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருக்கும் வாய்ப்பு 88 சதவீதம். "வளர வளரச் சரியாயிடும்" என்று சொல்லும் தாத்தா பாட்டிகள் அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் வாசிப்பு, நடையையும் பேச்சையும் போலத் தானாக முதிர்ந்து வருவதில்லை. நன்றாக வாசிப்பவள் மேலும் வாசிக்கிறாள், புதுச் சொற்கள் சேர்கின்றன, அடுத்த புத்தகம் எளிதாகிறது. தடுமாறுபவன் புத்தகத்தைத் தவிர்க்கிறான், சொல்வளமும் நின்றுவிடுகிறது. நான்காம் வகுப்பில் சமூக அறிவியலும் அறிவியலும் நீள நீளமான பத்திகளாக வரும்போது தூரம் இரண்டு பங்காகிறது.

சரி, எப்படிக் கேட்பது? ஒரு வகுப்புக் கீழே உள்ள பாடப்புத்தகத்திலிருந்தோ, சிறுவர் கதைப் புத்தகத்திலிருந்தோ குழந்தை அறியாத ஐந்தாறு வரிகள் போதும். படம் இல்லாத பக்கமாக இருக்கட்டும்; படத்தைப் பார்த்துக் கதை கட்டுவதில் இவர்கள் சமர்த்தர்கள். மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடம். ஒரு நிமிடம். ஆசிரியர் கையில் அதே பத்தியின் நகல். விட்ட சொல், தடுமாறிய எழுத்து, தானே திருத்திக்கொண்ட இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளலாம். 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பு முடிவில் 60 சொல் என்று இலக்கு வைத்தது. தமிழுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்துவது நியாயமில்லை. 'நீ' என்பதும் ஒரு சொல், 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பதும் ஒரு சொல். அதே வகுப்பில் சராசரியாகப் படிக்கும் நான்கைந்து பிள்ளைகளையும் அதே பத்தியைப் படிக்கச் சொல்லி ஒப்பிடுவது நம்பகமான வழி.

எழுத்துப்பிழைகளும் பேசும். ஆனால் எல்லாப் பிழைக்கும் ஒரே சிவப்பு வட்டம் போட்டால் அவை என்ன சொல்கின்றன என்பது கேட்காது.

இலையை 'எலை' என்றும், உடம்பை 'ஒடம்பு' என்றும், திறந்தானை 'தொறந்தான்' என்றும், பழத்தைப் 'பளம்' என்றும் எழுதும் குழந்தைக்குக் காதில் குறையே இல்லை. வீட்டில் கேட்பதை அச்சாக எழுதியிருக்கிறாள். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவே. "நாம் 'எலை'ன்னு பேசுவோம், 'இலை'ன்னு எழுதுவோம்" என்று இரண்டையும் பக்கம்பக்கமாக எழுதிக் காட்டினால் ஒரு பருவத்துக்குள் பெருமளவு நேராகிவிடும். 'கரும்பு' என்பதைக் 'கருபு' என்றும், 'தங்கம்' என்பதைத் 'தகம்' என்றும், 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றும், 'குருவி'யைக் 'குவிரு' என்றும் எழுதும் குழந்தையின் கதை வேறு. சொல்லுக்குள் எத்தனை ஒலி, எந்த வரிசையில் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. உடனே கவலைப்பட வேண்டியது இவனைக் குறித்து. மூன்றாவது வகை, ரகர றகர, லகர ளகர, னகர ணகரக் குழப்பம். பத்திரிகை ஆபீஸில் பிழை திருத்துபவர்களுக்கும் வரும் குழப்பம் இது. இதற்குச் சொற்களைக் குடும்பம் குடும்பமாகக் காட்டுவது பலன் தரும்: வண்டி, நண்டு, மண்டபம் ஒரு பக்கம், கன்று, குன்று, தென்றல் ஒரு பக்கம், பந்து, சந்து, தந்தம் இன்னொரு பக்கம். ட-வுக்கு முன் எது, ற-வுக்கு முன் எது, த-வுக்கு முன் எது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். மூன்று சுழி, இரண்டு சுழி என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட இது நிலைக்கும்.

இனி உதவி. முதல் வேலை காதுக்கு. 1983இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த லினட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், நான்கைந்து வயதுக் குழந்தைகள் சுமார் 400 பேரிடம் சில சொற்களைச் சொல்லி, ஒலியில் சேராத சொல் எது என்று கேட்டார்கள். அதில் சிரமப்பட்டவர்களே பின்னர் வாசிப்பிலும் சிரமப்பட்டார்கள். அவர்களில் சிலருக்கு ஒலிகளைப் பிரிக்கவும் பிளாஸ்டிக் எழுத்துகளோடு அவற்றை இணைக்கவும் பயிற்சி தந்தபோது வாசிப்பும் எழுத்தும் மேம்பட்டன. மோனையும் எதுகையும் மூச்சாக இருக்கும் மொழியில் இந்தப் பயிற்சிக்குக் காசு செலவில்லை. பல், பட்டு, பந்து, கல், இதில் எது சேரவில்லை? 'கடல்' என்பதில் ட-வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? 'பகல்' என்பதில் க-வை எடுத்தால்? 'கவலை'யில் வ-வை எடுத்தால்? சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், பாத்திரம் கழுவும்போது அம்மாவோ அக்காவோ கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் நல்ல ஆசிரியை.

அடுத்தது, கொஞ்சம் எழுத்தை வைத்துக்கொண்டு நிறையச் சொல் படிப்பது. 247ஐயும் முடித்துவிட்டுத்தான் சொல் என்றால் இந்தக் குழந்தைகள் அட்டவணையிலேயே களைத்துவிடுவார்கள். ப, ட, ம மூன்றும் ஒரு துணைக்காலும் ஒரு புள்ளியும் கையில் இருந்தால் படம், பாடம், பட்டம், மடம், மாடம், மட்டம், பட்டா எல்லாம் வந்துவிடும். குறில் நெடில் வேறுபாடும், ஒற்று இரட்டிப்பதும் இந்தச் சொற்களிலேயே பதியும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையிலும் பிற மாவட்டங்களிலும் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு நடத்திய முதல் பாடம் 'பட்டா' என்ற சொல்லில்தான் தொடங்கியது. நிலத்தின் காகிதம், படிப்பவருக்கு அந்தச் சொல்லின் பொருள் உயிர்போகும் விஷயம். குழந்தைக்கும் அப்படித் தன் பெயர், தன் ஊர், தன் வீட்டு ஆட்டின் பெயர் என்று முதல் சொற்கள் அமைந்தால் முயற்சி இரட்டிப்பாகும்.

மூன்றாவது, கையும் கண்ணும் வாயும் ஒன்றாக வேலை செய்வது. அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனோடு பணியாற்றிய அன்னா கில்லிங்காம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரு ஆசிரியைகள் 1930களில் இதை ஒரு முறையாக வகுத்தார்கள்: ஒலியைச் சொல், அதே நேரம் விரலால் எழுது, எழுதியதைப் பார், திரும்பச் சொல். இன்று ஆர்ட்டன்-கில்லிங்காம் முறையில் பயிற்சி தரும் இடங்களில் மணல் தட்டு ஒன்று பெரும்பாலும் இருக்கும். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிப் படித்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அந்த மணலுக்கு ஒரு கடல்கடந்த வரலாறும் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் பிள்ளைகளுக்கான ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் ஆயிரக்கணக்கானவற்றுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்கப்படுகிறது. பெல்லின் மணலுக்கும் கில்லிங்காமின் மணலுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ஒரு தட்டு மணலுக்காக எந்தப் பள்ளியும் நிதி ஒதுக்கீட்டை எதிர்பார்த்திருக்க வேண்டாம் என்பது உறுதி.

கை வேலை செய்ய வேண்டும் என்பதற்காக இம்போசிஷனை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். 'பள்ளிக்கூடம்' என்பதை ஐம்பது தடவை எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்கிறது? ப ப ப ப என்று மேலிருந்து கீழே ஐம்பது, பிறகு பக்கத்தில் ள் ள் ள் என்று ஐம்பது. கை வலிக்கிறது, சொல் ஒரு தடவைகூட மனத்துக்குள் போகவில்லை. ஒரு சொல்லை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மறைத்துவைத்துவிட்டு, ஒலித்துக்கொண்டே எழுதுவது அதைவிட எவ்வளவோ மேல்.

எழுத்து வசப்பட்ட பிறகு வருவது நீளச் சொல். தமிழில் தடுமாறுபவர்கள் மூச்சுத் திணறுவது இங்கேதான். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டினால் யாருக்கும் தலை சுற்றும். போய், கொண்டு, இருந்த, அவர்கள், உக்கு என்று பென்சிலால் மெல்லக் கோடு போட்டுப் பிரித்துக் காட்டினால் அதில் புதிதாக எதுவுமே இல்லை என்று தெரியும். கள், உக்கு, இல், இருந்து, ஆல், ஓடு ஆகிய விகுதிகளையும் உருபுகளையும் ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழக்குவது தமிழுக்கே உரிய வைத்தியம்; ஆங்கிலப் பயிற்சி நூல்களில் இது கிடைக்காது. வேகத்துக்கு, ஜே சாமுவேல்ஸ் 1979இல் முன்வைத்த எளிய வழி இன்றும் பயன்படுகிறது: ஒரே சிறு பத்தியை மூன்று நான்கு தடவை படிப்பது. முதல் தடவை பெரியவர் படித்துக் காட்டலாம், அடுத்தது இருவரும் சேர்ந்து, பிறகு குழந்தை தனியே. நாலாவது தடவை தன் குரல் தடையில்லாமல் வருவதைக் கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்த ஆசிரியர்கள் இந்தப் பயிற்சியைக் கைவிடுவதில்லை. இவ்வளவுக்கும் தினம் இருபது, முப்பது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காரவைப்பது அதற்கு ஈடாகாது.

ஆங்கில வழிப் பள்ளிகளில் சிக்கல் இன்னொரு சுற்று இறுகுகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் யூகேஜி முதல் ஆங்கிலம். தமிழில் 'ப, ட, ம்' என்று எழுத்தைச் சொன்னாலே 'படம்' ஒலித்துவிடும். ஆங்கிலத்தில் 'சி, ஏ, டி' என்று எத்தனை முறை சொன்னாலும் 'கேட்' என்ற ஒலி வராது. எழுத்தின் பெயரை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு எழுத்தின் ஒலி கற்பிக்கப்படுவதே இல்லை. சொற்களைப் படமாக நினைவில் வைத்தே இரண்டாம் வகுப்புவரை ஓட்டிவிடுவான். இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தமிழை விட்டுவிடுங்கள், ஒரு மொழி போதும் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. தனக்குத் தெரிந்த சொற்கள் உள்ள மொழியில், ஒலியும் எழுத்தும் ஒத்துப்போகும் எழுத்துமுறையில்தான் வாசிப்பின் சூட்சுமம் முதலில் பிடிபடும். தமிழில் அது பிடிபட்ட பிள்ளைக்கு ஆங்கில ஒலிகளைப் பிறகு முறையாகச் சொல்லித்தர முடியும். மேல்வகுப்புத் தேர்வில் மொழிப்பாட விலக்கு ஒரு சலுகை என்ற அளவில் சரி. ஆறு வயதுக் குழந்தையிடமிருந்து தாய்மொழி எழுத்தைப் பறிக்க அது காரணமாகக் கூடாது.

கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று பணம் பிடுங்கும் இடங்களும் முளைத்திருக்கின்றன. இவை டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் கண் மருத்துவ அமைப்புகளோடு சேர்ந்து 2009இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகம் வாங்கலாம்.

பள்ளி தரப்பில் வழி இல்லாமல் இல்லை. 2022இல் தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வெட்கமில்லாமல் அரும்பில் உட்காரலாம் என்பது பெரிய விடுதலை. ஆனால் இரண்டு பருவமாக அரும்பிலேயே இருக்கும் குழந்தைக்கு அடுத்து என்ன என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்துவருகிறது. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் 'டாலி' என்ற பரிசோதனைத் தொகுப்பை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் வெளியிட்டது. அவரவர் மொழியில் சோதிக்க வேண்டும் என்பதை நாடு ஒப்புக்கொண்ட தருணம் அது. தமிழ்க் குழந்தையை ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்து அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது. 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும்' அதில் சேர்த்தது. அதன் 16ஆம் பிரிவு, இக்குறைபாட்டை இயன்ற அளவு விரைவில் கண்டறிந்து தகுந்த கற்பித்தல் நடவடிக்கை எடுப்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக்குகிறது. 2018இல் வந்த வழிகாட்டுதல் மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர்களே முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றது. சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான், 14இலும் 18இலும் மறுபரிசோதனை என்றும் அது சொன்னது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர் போன்ற தேர்வுச் சலுகைகள் அந்தச் சான்றிதழைப் பொறுத்தவை. இருபது நிமிட வாசிப்புப் பயிற்சிக்கும், கேள்வித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவதற்கும், அறிவியல் பதிலை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பிடுவதற்கும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. வகுப்பாசிரியர் மனம்வைத்தால் நாளைக்கே நடக்கும்.

மனம்வைக்காத இடத்தில் பெற்றோர் ஒரு கடிதம் எழுதலாம். தமக்கு எழுத வராது என்றால் பக்கத்து வீட்டு அக்காவோ இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய தன்னார்வலரோ எழுதித் தரலாம். தலைமையாசிரியருக்கு, ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியில், எந்தப் புத்தகத்தின் எந்தப் பத்தியைக் குழந்தை வாசித்தது, ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போனது, எந்தச் சொற்களில் நின்றது, வீட்டில் எழுதச் சொன்னபோது வந்த பிழைகள் ஐந்தாறு, அதே பாடத்தைப் படித்துக் காட்டியபோது எப்படிப் பதில் சொன்னது. பிறகு கோரிக்கைகள்: தினசரிப் பயிற்சிக்கு நேரம், முன்னறிவிப்பில்லாமல் வகுப்பு முன் உரக்கப் படிக்கச் சொல்லாமை, மற்றப் பாடங்களில் வாய்மொழி மதிப்பீடு, பத்து வாரம் கழித்து அதே போன்ற பத்தியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்பது. சட்டத்தின் 16ஆம் பிரிவைக் கடைசி வரியில் குறிப்பிடலாம். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வாரத்தில் குழந்தை ஏறாவிட்டால் வட்டார வள மையத்துக்கும், எட்டு வயது நிறைந்தபின் சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவுக்கும் எடுத்துப்போக வேண்டிய முதல் ஆவணம் அந்த நகல்தான்.